தலை மந்தம்: கண்ணை மூடி இருந்தால் போதுமா, இரத்தமும் பார்க்க வேண்டுமா?

டச்பே_விடியல்:
வெக்கையான கச்சான் காற்றுத் தொடங்கிய நாளிலிருந்து என் தலை என் தலையாக இல்லை. கணக்குப் பிரிவில் வேலை. ஒரே பற்றுச்சீட்டுக் கட்டை மூன்று தரம் கூட்டி மூன்று விடை எடுத்தேன். சந்தையில் மிச்சக் காசை வாங்காமலே வந்தேன். தெரிந்தவர்களின் பெயர் நாக்கு நுனி வரை வரும், அதற்கு மேல் வராது.

இப்போது ஆறு கிழமையாக விடிய ஐந்தரைக்குத் திருகோணமலை டச்பே கடற்கரைக்குப் போகிறேன். ஈர மணலில் சாக்கை விரித்து, கோணேசர் மலையைப் பார்த்தபடி இருந்து கண்ணை மூடுவேன். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, அடுத்ததுக்கு இரண்டு, இப்படிப் பத்து வரை. பிறகு திரும்ப ஒன்று. முதல் கிழமை நாலைத் தாண்டவே முடியவில்லை. அதற்குள் காஸ் முடிந்தது நினைவுக்கு வரும், மகளின் ரியூசன் காசு நினைவுக்கு வரும். நினைவு போனது தெரிந்ததும் என்னைத் திட்டாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். இன்று இருபது நிமிடம் இருந்து எழும்பினால், மழை பெய்து ஓய்ந்த முற்றம் போல இருக்கிறது தலை. மாதக் கணக்கு பத்து மணிக்குள் சரிவந்துவிடுகிறது.

ஆகவே மந்தம் என்றதும் குளிசைக்கும் சோதனைக்கும் ஓடாதீர்கள். முதலில் இப்படிக் கண்ணை மூடி இருந்து பாருங்கள்.

பாலையூற்று_மருந்துக்கடை:
தங்கச்சி, உங்களுக்குத் தெளிந்தது உண்மையிலேயே சந்தோசம். ஆனால் சோதனைக்கு ஓடாதீர்கள் என்று எழுதியதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். முப்பது வருடமாக மருந்துக் கடையில் நிற்கிறேன். அந்த ஒரு வரி யாரை எங்கே கொண்டுபோய் விடும் என்று கண்டிருக்கிறேன்.

போன வருடம் ஒரு பிள்ளை வந்தார், முப்பத்தைந்து வயது இருக்கும். ஏழு மாதமாக விடாமல் தியானம் செய்கிறாராம், மந்தம் போகவில்லையாம். "எனக்கு மனம் ஒருமுகப்படாது, பிழை என்னில்தான்" என்று அழுதார். வெளிச்சத்துக்குத் திரும்பச் சொல்லிக் கீழ் இமையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய உட்பக்கம் அரிசி கழுவிய தண்ணீர் போல வெளிறிக் கிடந்தது. உடனே டொக்டரிடம் போகச் சொன்னேன். ஹீமோகுளோபின் 7.8. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை. மாதவிலக்கு அதிகம், அதோடு மூன்று வேளையும் சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்டீ, பால் சேர்க்காத தேத்தண்ணி. தேயிலைச் சாயம் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஏழு மாதம் அந்தப் பிள்ளை தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொண்டு இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தைராய்டு குறைந்தாலும், பி12 விற்றமின் குறைந்தாலும் இதே மந்தம்தான். குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று எழும்புகிறவர்களுக்கும் இது வரும். தடுமனுக்கு என்று சின்ன மஞ்சள் குளிசையை மாதக்கணக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தூக்கத்தைத் தரும் மருந்து. கச்சான் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் திரிவதையும் சேருங்கள். இதில் எதை மூச்சு எண்ணித் தீர்ப்பது?

ஆய்வையும் சொல்கிறேன். 2014இல் ஜமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் 47 பரிசோதனைகள், 3,515 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி இவற்றுக்குத் தியானத்தால் ஓரளவு பலன் தெரிந்தது. கவனத்துக்கும் நித்திரைக்கும் பலன் என்று சொல்லப் போதுமான சான்று கிடைக்கவில்லை. நாங்கள் இங்கே கதைப்பது அந்தக் கவனத்தைப் பற்றித்தானே?

கிண்ணியா_வாத்தியார்:
அண்ணன், உங்கள் கடைக்கு வருகிறவர்கள் சுகமில்லாதவர்கள். என் வகுப்புக்கு வருகிறவர்கள் சுகமாக இருக்கிற பிள்ளைகள். உயர்தரம் படிக்கிறார்கள். ஒரு பக்கத்தை வாசித்து முடித்ததும் என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிக்கிறார்கள். பத்து நிமிடம் ஒன்றில் நிற்கப் பழகாத மனம் அது. அதற்கு எந்தக் குளிசை இருக்கிறது?

நான் விடியற்காலை சுபஹ் தொழுத பிறகு உடனே எழும்புவதில்லை. பெருவிரலை மற்ற விரல் கணுக்களில் ஒவ்வொன்றாக வைத்து, இறைவனை நினைக்கிற திக்ர் சொல்லிக்கொண்டு, வெளிச்சம் வரும் வரை அதே இடத்தில் இருப்பேன். எங்களுக்கு அது வணக்கம், அதைத் தியானம் என்று பெயர் மாற்ற நான் விரும்பவில்லை. ஆனால் அந்த இருப்புக்குப் பிறகு முதல் பாடம் எடுப்பதும், அது தவறிய நாளில் எடுப்பதும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். வாப்பா வலை தைக்கும்போதும் அப்படித்தான் இருப்பார், கண் ஒரு கண்ணியை விட்டு நகராது.

நீங்கள் 2014 சொன்னீர்கள். அதற்கு முந்தைய வருடம், 2013இல், கலிபோர்னியாவின் சாந்தா பார்பராப் பல்கலைக்கழகத்தில் 48 மாணவர்களைப் பிரித்து, ஒரு பகுதிக்கு இரண்டு கிழமை கவனப் பயிற்சி, மறு பகுதிக்குச் சத்துணவு பற்றிய வகுப்புக் கொடுத்தார்கள். பயிற்சி எடுத்தவர்களுக்கு வாசித்து விளங்குவதும், விசயங்களை மனதில் பிடித்து வைப்பதும் கூடின.

பாலையூற்று_மருந்துக்கடை:
அந்த ஆய்வை மறுக்கவில்லை சேர். நாற்பத்தெட்டுப் பேர், அதுவும் சுகமான இளம் பிள்ளைகள். உங்கள் வகுப்புக்குப் பொருந்தலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்தப் பிள்ளைகள் இரவு எத்தனை மணிக்குப் போனைக் கீழே வைக்கிறார்கள்?

கிண்ணியா_வாத்தியார்:
ஒரு மணி, சில பேர் இரண்டு. அது சரிதான் அண்ணன். நித்திரைக் கடனை இருபது நிமிட இருப்பால் அடைக்க முடியாது. ஆனால் போனைக் கீழே வைக்கிற பலமும் எங்கேயாவது இருந்து வர வேண்டும். அது இப்படி இருந்து பழகுவதில்தான் வருகிறது என்கிறேன்.

உவர்மலை:
நீங்கள் மூன்று பேரும் கதைக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருடத்துக்கு முன் எனக்கும் இதே மந்தம். மலைநாட்டில் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போனேன். விடிய நாலு மணிக்கு மணி அடிக்கும், கதைக்கக் கூடாது, முதல் மூன்று நாளும் மூக்கு நுனியில் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். நாலாம் நாள் பின்னேரம் கண்ணை மூடி இருக்கையில் காதுக்குள் கடல் இரைந்தது. அங்கே கடலே இல்லை. 2004 டிசம்பர் 26, சுனாமி அடித்த நாள், திரும்பி வந்துவிட்டது. சேற்றுத் தண்ணீர் நாறியது, கை நடுங்கியது, அப்போது என் கையில் இருந்து வழுவிய கை மறுபடி வழுவியது. சொன்னபோது, எழுவதெல்லாம் போய்விடும், தொடர்ந்து இருங்கள் என்றார்கள். அது எனக்குப் போகவில்லை. ஒரு மாதம் நித்திரை இல்லை.

இந்த ஊரில் எத்தனை வீட்டில் இப்படி ஒரு நாள் இருக்கிறது? சுனாமி இல்லாவிட்டால் சண்டை. அப்படி ஒருவரிடம் கடற்கரையில் போய்க் கண்ணை மூடு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பலருக்கு அந்த மந்தம்தான் மனம் தன்னைக் காப்பாற்றப் போட்ட போர்வை. எனக்கு மனநல டொக்டர் சொன்னது கண்ணைத் திறந்தபடி நடப்பது. கோட்டை வாசலால் ஏறி, மான்கள் நிற்கிற மர நிழல் வழியே, பாதம் தரையில் படுவதை மட்டும் கவனித்து மேலே போய் வருவேன். அதுவும் தியானம்தான், எனக்கு அது ஒத்துக்கொள்கிறது.

டச்பே_விடியல்:
உவர்மலை அக்கா, இரண்டு நாளாக உங்கள் பதிவைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். என் பக்கத்தில் சாக்கு விரிக்க வருகிற ஒருவருக்கும் இனி முதலில் கண்ணை மூடச் சொல்ல மாட்டேன். மேலே அந்த வரியையும் எடுத்துவிடுகிறேன்.

ஆனாலும் அண்ணா, இருந்ததால் எனக்குத் தெளிந்தது என்பதில் நான் மாறவில்லை. பிளேன்டீ விசயம்தான் உறுத்துகிறது, எனக்கும் மூன்று வேளையும் அதுதான். செவ்வாய்க்கிழமை சோதனைக்கு இரத்தம் குடுக்கிறேன். வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

பாலையூற்று_மருந்துக்கடை:
இரத்தசோகை பார்க்கிற சோதனைக்குத் தேவையில்லை. இரத்தத்தில் சீனியும் சேர்த்துப் பார்ப்பதென்றால் மட்டும் சாப்பிடாமல் போங்கள், தண்ணீர் குடிக்கலாம். தைராய்டையும் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். பிளேன்டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

டச்பே_விடியல்:
அப்ப சரி, கடற்கரையில் இருந்துவிட்டு அப்படியே நேரே போகிறேன்.