அப்பாவுக்குப் பக்கவாதம்: முடிவெடுத்தது டாக்டரா, கணினியா?

தண்டையார்பேட்டை மகன்:

அப்பாவுக்கு 68 வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். சென்ற மாதம் விடியற்காலையில் படுக்கையை விட்டு எழ முயன்றவர் வலப்பக்கமாகச் சரிந்துவிட்டார். வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது. முந்தைய இரவு பத்து மணிக்குச் செய்தி பார்த்துவிட்டு நன்றாகத்தான் படுத்தார். எதிர்வீட்டுப் பெரியவர் புறா ரத்தம் தேய்த்தால் கை கால் திரும்பும் என்று புறாவுக்கு ஆள் அனுப்பவே தயாராகிவிட்டார். அவரைச் சமாளித்து 108-ஐ அழைத்தோம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் நின்ற நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் முடிந்த சில நிமிடங்களில் பணி மருத்துவர் செல்போனை நீட்டினார். மூளைப் படத்தின் மேல் இளஞ்சிவப்பும் பச்சையுமாகத் திட்டுகள். “இந்தப் பச்சையைக் காப்பாற்றலாம். தொடை வழியாகக் குழாய் செலுத்தி ரத்தக்கட்டியை எடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்” என்றார். நரம்பியல் மருத்துவர் அப்போது வீட்டில் இருந்தார். அவரும் அதே படத்தைத் தன் போனில் பார்த்துவிட்டாராம். கட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது அப்பா சுவரைப் பிடித்து நடக்கிறார், பேச்சு தெளிந்துவருகிறது, சட்டைப் பொத்தான் மட்டும் போட வரவில்லை.

என் தாய்மாமா விடுவதாக இல்லை. “கம்ப்யூட்டர் சொன்னதை வைத்து லட்சக்கணக்கில் கறந்துவிட்டார்கள்” என்கிறார். அந்த வண்ணப் படத்தைத் தந்த மென்பொருள் இல்லாவிட்டாலும் இதே சிகிச்சையைச் செய்திருப்பார்களா? அதை நம்பலாமா?

ராயபுரம் பென்ஷன்தாரர்:

தம்பி, மாமா கேட்பதில் தவறில்லை. நம்மைப் பதற்றத்தில் வைத்துக் கையெழுத்து வாங்குவது புதிதல்ல. முன்பு ஃபிலிமை விளக்கில் காட்டினார்கள், இப்போது வண்ணம் தீட்டிக் காட்டுகிறார்கள். பில்லை வரி வரியாகக் கேட்டு வாங்குங்கள்.

இரவுப்பணி ஸ்கேன்காரன்:

ஐயா, பில்லைக் கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வண்ணம் கண்காட்சிக்காகத் தீட்டியது அல்ல. நான் மருத்துவன் அல்ல, வடசென்னையில் ஒரு சிடி ஸ்கேன் அறையில் பெரும்பாலும் இரவுப் பணி பார்ப்பவன். அந்தப் படத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதலில் எடுக்கும் சாதா சிடி, மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறதா என்று பார்க்க. கசிந்திருந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசியே உயிரை வாங்கிவிடும். அடுத்து அயோடின் மருந்தை நரம்பில் ஏற்றிக் கழுத்திலிருந்து உச்சி வரை எடுத்தால் எந்த ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்று தெரியும். (அந்த நேரத்தில் மூக்குத்தியைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பாட்டிகளோடு நான் படும் பாடு தனிக் கதை.) மூன்றாவதாக, அந்த மருந்து மூளைக்குள் பரவும் வேகத்தை அடுத்தடுத்துப் படமெடுத்து அளக்கிறோம். உங்களுக்குக் காட்டிய வண்ணம் இதிலிருந்து வந்தது. ரத்த ஓட்டம் இயல்பில் 30 சதவீதத்துக்கும் கீழே போன இடத்தை, அநேகமாகச் செத்துவிட்ட பகுதி என்று, மென்பொருள் இளஞ்சிவப்பாக்கும். மருந்து 6 விநாடிக்கு மேல் தாமதமாக வந்து சேரும் இடத்தைப் பச்சையாக்கும். மென்பொருளுக்கு மென்பொருள் நிறம் மாறலாம். இளஞ்சிவப்பு சிறியதாகவும் பச்சை பெரியதாகவும் இருந்தால், பட்டினி கிடந்தும் சாகாத மூளை இன்னும் மிச்சம் என்று பொருள்.

உங்கள் அப்பா தூக்கத்திலிருந்து எழும்போதே விழுந்தவர். எத்தனை மணிக்கு அடைத்தது என்று யாருக்கும் தெரியாது, ஆகவே கடைசியாக நன்றாக இருந்த பத்து மணியிலிருந்துதான் கணக்கு. கரைக்கும் ஊசியின் பலன் 1995-இல் நிரூபணமானபோது வரம்பு 3 மணி நேரம். 2008-இல் வந்த ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. அந்தக் கணக்கில் அவருக்கு விடிவதற்குள்ளேயே நேரம் கடந்துவிட்டது. நிலைமையை மாற்றியது 2018-இல் அச்சான ‘டான்’ ஆய்வு. கடைசியாக நன்றாக இருந்து 6 முதல் 24 மணி நேரம் ஆன 206 பேர். மூளையில் செத்த பகுதி சிறியது, கை கால், பேச்சில் பாதிப்போ பெரியது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். அந்த அளவை எடுக்க உதவியது இதே வகை மென்பொருள். கட்டியை எடுத்தவர்களில் 49 சதவீதம் பேர் 90-ஆம் நாளில் பிறர் துணையின்றி வாழ்ந்தார்கள், எடுக்காதவர்களில் 13 சதவீதம் பேர். மாமாவிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். பழைய கணக்குப்படி என்றால் அப்பாவை வார்டில் படுக்கவைத்து ஆஸ்பிரின் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அதற்காகக் கணினிதான் முடிவெடுத்தது என்றும் சொல்லாதீர்கள். பெரிய குழாயில் அடைப்பு இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால் நிபுணரின் போனுக்கு உடனே தகவல் அனுப்பும் விஸ்.ஏஐ மென்பொருளுக்கு அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 பிப்ரவரியில் அனுமதி தந்தது. நிபுணரைச் சீக்கிரம் கூப்பிடும் கருவி என்றுதான் அனுமதி. படத்தை முழுதாகப் பார்த்து நோயை உறுதி செய்வது மருத்துவர் வேலை. நம் நாட்டிலும் மும்பையின் க்யூர்.ஏஐ நிறுவனம், இந்தியாவில் எடுத்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தலை சிடிக்களை வைத்து ரத்தக் கசிவைக் காணும் மென்பொருளை உருவாக்கி 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. இவையும் தவறும். வயதானவர்களின் மூளையில் படியும் சுண்ணாம்பை ரத்தம் என்று கட்டம் கட்டிக் காட்டும். நோயாளி தலையை ஆட்டிவிட்டால் உளறும். அதனால்தான் நெற்றியில் பட்டை கட்டுகிறோம், உறவினர்கள் ஏதோ கொடுமை என்று நினைக்கிறார்கள். சர்க்கரை இறங்கினாலும் ஒரு பக்கம் இழுக்கும், அதைக் கண்டுபிடிப்பது விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்பதும் படத்தில் இராது. வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. மென்பொருள் மிச்சப்படுத்துவது என் மேஜையிலிருந்து படம் போன பிறகு உள்ள நேரத்தை. வீட்டில் புறாவைப் பற்றிப் பேசிய நேரத்தையும் லாரி மறித்த நேரத்தையும் அதனால் திருப்பித் தர முடியாது. எங்களிடம் தாமதமாக வருகிறவர்களில் பலரும் முதலில் பக்கத்துத் தெரு கிளினிக்கில் பி.பி. பார்த்து, வீட்டுக்குப் போய், மறுபடி கிளம்பி வந்தவர்கள்.

வியாசர்பாடி அக்கா:

சார், என் அம்மாவுக்குத் திடீரென்று தலைச்சுற்றல், வாந்தி, நிற்க முடியாமல் தள்ளாட்டம். ஓர் இடத்தில் சிடி எடுத்து நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் எம்.ஆர்.ஐ.யில் சிறுமூளையில் பக்கவாதம் என்று வந்தது. கணினி இருந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருக்குமா?

இரவுப்பணி ஸ்கேன்காரன்:

அக்கா, சாதா சிடி மட்டும் என்றால் கணினி இருந்தும் தவறவிட்டிருக்க வாய்ப்பு அதிகம். சிறுமூளையை ஒட்டிய காது எலும்புகள் மிகக் கெட்டியானவை. அவற்றுக்கு இடையில் படத்தில் கோடுகள் விழும். புதிய அடைப்பு முதல் சில மணி நேரத்தில் சிடியில் தெரியாமலும் போகும். அடைப்பைத் தேடும் மென்பொருள்களும் பெரும்பாலும் மூளையின் முன்பக்கக் குழாய்களுக்காகப் பழக்கப்பட்டவை. திடீர்த் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை என்றால் “எம்.ஆர்.ஐ. தேவைப்படுமா டாக்டர்” என்று தயங்காமல் கேளுங்கள். ஸ்டான்லியோ, சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.ஹெச்.சோ, நரம்பியல் துறை உள்ள இடமாகப் பார்த்துப் போங்கள்.

தண்டையார்பேட்டை மகன்:

நன்றி. அந்த 49, 13 இரண்டையும் தாளில் எழுதி மாமாவிடம் காட்டினேன். “மீதி 51 பேர் என்ன ஆனார்கள்” என்று கேட்கிறார்.

இரவுப்பணி ஸ்கேன்காரன்:

நல்ல கேள்வி, மாமா லேசுப்பட்டவர் இல்லை. அவர்களில் சிலர் இறந்தார்கள், மற்றவர்கள் குறையோடு வாழ்ந்தார்கள். கட்டியை எடுத்தால் எல்லோரும் எழுந்து நடப்பார்கள் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஸ்கேன் படங்களை மருத்துவமனையில் குறுந்தகட்டில் (CD) கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த முறை போகும்போது கட்டி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கழுத்துக் குழாயா, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையா? துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்ய ஹோல்டர் கருவி மாட்டினார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். இல்லையென்றால் மாமாவையே உடன் அழைத்துப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.