எட்டாம் கிரேடு கணக்கு வகுப்பு: எந்த விதிகளை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: டர்பன் கணக்கு டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். ஊரில் மதுரைப் பக்கம் ஆறு வருஷம் கணக்கு எடுத்தேன். இந்த ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு பள்ளியில் சேர்ந்திருக்கிறேன், எட்டாம் கிரேடு, 38 பிள்ளைகள். முதல் நாளே 14 விதி எழுதிச் சுவரில் ஒட்டினேன். பேசாதே, எழுந்து போகாதே, கால்குலேட்டரைத் தொடாதே, வீட்டுப்பாடம் இல்லாமல் வராதே என்று எல்லாம் இந்த மாதிரிதான். மூன்று வாரத்தில் சார்ட்டின் மூலை பிய்ந்து தொங்குகிறது, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சத்தம் பெரிய கவலை இல்லை. ஜன்னலோரம் ஒரு பிள்ளை, நான் பக்கத்தில் போனால் நோட்டைக் கையால் மறைத்துக்கொள்கிறாள். நேற்று ஒரு சமன்பாட்டில் அடைப்புக்குறிக்கு வெளியே இருந்த 3ஐ முதல் உறுப்போடு மட்டும் பெருக்கி, அடுத்திருந்த 4ஐ அப்படியே விட்டிருந்தாள். சொல்லலாம் என்று குனிவதற்குள் தாள் கிழியும் அளவுக்கு ரப்பரால் தேய்த்துவிட்டாள். பக்கத்துப் பையன் இங்கத்திய சூலு மொழியில் ஏதோ சொன்னதும் அவள் முகம் தெளிந்தது, நான் உடனே "பேசாதே" என்று அதட்டிவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்க அதே நினைப்பு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வு பெற்ற வாத்தியார், சாட்ஸ்வர்த்

வணக்கம் அம்மா. 14ல் முதலில் வைக்க வேண்டியது உங்கள் சார்ட்டிலேயே இல்லை: அழிக்காதே, ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே மறுபடி எழுது. ரப்பரும், டிப்பெக்ஸ் என்கிற வெள்ளை மையும் கணக்கு நோட்டுப் பக்கமே வரக்கூடாது.

இது என் பிடிவாதம் இல்லை, மெட்ரிக், அதாவது இங்கே 12ம் கிரேடு இறுதிப் பரீட்சைத் தாளே அப்படித்தான் திருத்தப்படுகிறது. ஒரு கேள்வியை இரண்டு முறை செய்திருந்தால் முதலில் செய்ததைத்தான் திருத்துவோம். அடித்துவிட்டு மறுபடி செய்யாமல் விட்டிருந்தால், அடித்ததையே திருத்தி மதிப்பெண் போடுவோம். அழித்துவிட்டால் எதைத் திருத்துவது? உங்கள் ஊரில் ஸ்டெப் மார்க் என்பீர்களே, அது இங்கேயும் உண்டு. அந்தப் பிள்ளை 4ஐத் தவறாக விட்டாலும், அதன் பிறகு வந்த வரிகளை அந்தத் தவறான எண்ணை வைத்தே ஒழுங்காகச் செய்திருந்தால் பெரும்பாலும் மீதி வரிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும். விடையை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்காமல் போகலாம் என்று கேள்வித்தாள் முகப்பிலேயே போட்டிருக்கிறார்கள். ஜியோமெட்ரியில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். இதெல்லாம் 12ம் கிரேடில் திடீரென்று வராது, எட்டில் கை பழக வேண்டும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1996ல் பள்ளிச் சட்டம் வந்து அடிப்பதைத் தடை செய்யும் வரைக்கும் என் மேசையில் பிரம்பு இருந்தது. வகுப்பு அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகள் எல்லாரும் அவளைப் போல நோட்டை மறைத்தார்கள், யாருக்கு எங்கே தவறுகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அந்த வருஷங்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

பதில்: பீனிக்ஸ் அம்மா

வீட்டுப்பாடம் பற்றி ஒரு தாயாகச் சொல்கிறேன் டீச்சர். என் மகன் வகுப்பிலும் "இல்லாமல் வராதே" விதிதான், அவன் காலையில் பஸ்ஸில் சிநேகிதன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு போவான். எல்லாம் சரியாக இருக்கும், ஒன்றும் தெரியாது. "கணக்கு வரவில்லை என்றால் எந்த வரியில் நின்றாய் என்று காட்டு" என்று மாற்றிப் பாருங்கள். பத்தாம் கிரேடில் மேத்ஸா, இல்லை அன்றாட வாழ்க்கைக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசியா என்று முடிவு செய்ய வேண்டும், லிட்டரசி எடுத்தால் இன்ஜினியரிங், டாக்டர் படிப்புக்கெல்லாம் வழி அடைபட்டுவிடும். எட்டிலும் ஒன்பதிலும் பயந்து ஒதுங்கும் பிள்ளைதான் அப்போது தானாகக் கீழே இறங்குகிறது.

பதில்: மாரிட்ஸ்பர்க் டீச்சர்

அக்கா, பள்ளியின் நடத்தை விதியை ஆட்சிக்குழு பெற்றோர், ஆசிரியர், பிள்ளைகளைக் கேட்டுத்தான் போடுகிறது, உங்கள் வகுப்பு விதி அதோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விதியை மீறிய பிள்ளையை வெளியே நிற்க வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், வாரத்துக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு, அதில் போனது போனதுதான். பேச்சை முழுசாகத் தடுக்காதீர்கள். நான் முதல் பத்து நிமிஷம் தனியாக யோசிக்கச் சொல்வேன், அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு எந்த மொழியிலும் பேசலாம், ஆனால் விடையைச் சொல்லாமல் அடுத்த வரிக்கு எப்படிப் போனாய் என்று சொல்ல வேண்டும். தசமத்துக்கு இங்கே புள்ளி இல்லை, கமா: 2,5. போர்டில் நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

டர்பன் கணக்கு டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்று சார்ட்டைக் கழற்றிவிட்டேன். ஐயா சொன்ன கோடு, வீட்டுப்பாடத்தில் நின்ற வரி, பத்து நிமிஷத்துக்கு அப்புறம் பேச்சு, இந்த மூன்றை மட்டும் பிள்ளைகளிடமே எழுதச் சொன்னேன், சூலுவிலும் எழுதினார்கள். போர்டில் வேண்டுமென்றே அதே 4ஐத் தவறாகப் போட்டு, கோடு போட்டு அடித்துக் காட்டினேன். ஜன்னலோரப் பிள்ளை ரப்பரைக் கையில் எடுத்தாள், கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், அப்புறம் பென்சில் பெட்டிக்குள் போட்டாள். நோட்டை இன்னும் மறைக்கத்தான் செய்கிறாள். ஐயா, பரீட்சை இல்லாத நாளிலும் இந்த வரி மதிப்பெண்ணை நோட்டில் போட்டுக் கொடுக்கலாமா, இல்லை அதுவே இன்னொரு பயமாகிவிடுமா?