ஆப்பிள் பை: அடி மட்டும் வேக மாட்டேன் என்கிறது

வரும் ஞாயிறு பண்டிகை விருந்துக்கு வீட்டிலேயே ஆப்பிள் பை (இரண்டு மாவுத் தகடுகளுக்கு நடுவே ஆப்பிள் பூரணம் வைத்துச் சுடும் pie) செய்ய வேண்டும். ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் மேல் மாவு பொன்னிறமாக, மொறுமொறுவென்று வருகிறது. அடி மாவோ வெளுத்து, ஈரமாக, கத்தியில் ஒட்டுகிறது.

பாத்திரம் 9 அங்குலப் பீங்கான், கொஞ்சம் தடிமன். ஓடிஜியில் (OTG, மேசை மேல் வைக்கும் சிறிய மின் அவன்) மின்விசிறி கிடையாது. மேல், கீழ் இரண்டு கம்பியும் சூடாகின்றன. முதல் 20 நிமிடம் 220 டிகிரி, அப்புறம் 180-ல் 40 நிமிடம். மைதா 300 கிராம், வெண்ணெய் 200 கிராம், ஐஸ் தண்ணீர்.

ஆப்பிளைச் சர்க்கரையில் ஊறவைத்து, விட்ட சாற்றை வடித்துச் சுண்டக் காய்ச்சிச் சேர்த்தேன். சோள மாவைக் கூட்டினேன்; பூரணம் கெட்டியானது, அடி மாறவில்லை. கீழ்த் தட்டில் வைத்ததில் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். அடி மாவில் முட்டை வெள்ளைக்கரு பூசியும் பெரிய வித்தியாசம் இல்லை. நன்றாக ஆறவிட்டுத்தான் வெட்டுகிறேன், அதனால் ‘சூட்டோடு வெட்டாதீர்கள்’ என்ற பதில் மட்டும் வேண்டாம். அலுமினியத் தாளால் மூடிக் கூடுதல் நேரம் வைத்தும் பார்த்தாயிற்று.

அடி மாவை மட்டும் உப்பாமலிருக்க மேலே பயறு பரப்பி முன்கூட்டியே அரைவேக்காடாகச் சுடலாம்தான், ஆனால் மேல் மாவு ஓரத்தில் ஒட்டுமா என்று சந்தேகம். இரண்டையும் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: அப்படிச் சுடுவதா, மெல்லிய உலோகத் தட்டுக்கு மாறுவதா, எது அடியை வேகவைக்கும்?