ஐஎன்ஆர் 5.2-இல் மூளை இரத்தக்கசிவு: பிளாஸ்மாவுக்குப் பதிலாக பிசிசி கொடுத்தது ஏன்?

கொங்குமகள்:
என் தந்தைக்கு 64 வயது, எடை 58 கிலோ. செயற்கை மிட்ரல் வால்வு பொருத்தியிருப்பதால் பல ஆண்டுகளாக இரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். பல் வீக்கத்துக்கு மெட்ரோனிடசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். ஸ்கேனில் மூளையைச் சுற்றி இரத்தக்கசிவு தெரிந்தது; ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் அளவு) 5.2. பிளாஸ்மா (இரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றுவார்கள் என்று எண்ணி உறவினர்களை இரத்தம் கொடுக்க வரவழைத்திருந்தோம். மருத்துவர்களோ பிசிசி என்ற விலை மிகுந்த மருந்தில் 4 குப்பிகள் வாங்கச் சொன்னதோடு, வைட்டமின் கே ஊசியும் போட்டார்கள். அப்பா இப்போது தேறி வருகிறார். இரண்டு மருந்துகளும் ஏன் தேவைப்பட்டன என்பதை விளக்க முடியுமா?

இரத்த வங்கி மருத்துவர்:
அசிட்ரோம், வார்ஃபரின் போன்றவை கல்லீரலில் வைட்டமின் கே வேலை செய்வதைத் தடுப்பதால், இரத்தம் உறைவதற்கான 2, 7, 9, 10 என்று எண்ணிடப்பட்ட நான்கு காரணிகளும் (புரதங்களும்) குறைபட்ட நிலையிலேயே உருவாகின்றன. பிசிசி என்பது, பலருடைய பிளாஸ்மாவிலிருந்து இந்த நான்கையும் பிரித்துச் செறிவூட்டி, வைரஸ்களைச் செயலிழக்கச் செய்து, உலர்ந்த தூளாக அடைத்த மருந்து. ஐஎன்ஆர் 4 முதல் 6 வரை இருந்தால் கிலோவுக்கு 35 யூனிட் என்பது வழக்கமான அளவு. உங்கள் தந்தையின் எடைக்கு ஏறத்தாழ 2000 யூனிட், அதாவது 500 யூனிட் குப்பிகள் நான்கு. கரைத்தால் மொத்தமே 80 மில்லிதான். இதே வேலையைப் பிளாஸ்மாவால் செய்ய, கிலோவுக்கு 15 மில்லி என்ற கணக்கில் முக்கால் லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டியிருக்கும். அதற்கு இரத்தப் பிரிவு பார்க்க வேண்டும், உறைந்த பையை உருக்க வேண்டும். வால்வு நோயாளியின் நுரையீரலில் நீர் கோத்துவிடும் அபாயமும் உண்டு. மண்டைக்குள் கசிவு பெருகிக்கொண்டிருக்கும்போது அந்தத் தாமதத்தை ஏற்பது கடினம். உறவினர்கள் கொடுக்க வந்த இரத்தம் வேறு யாருக்காவது உதவியிருக்கும்!

தீவிர சிகிச்சைப் பிரிவு:
வைட்டமின் கே பற்றிச் சொல்கிறேன். பிசிசி அரை மணி நேரத்துக்குள் ஐஎன்ஆரை இறக்கிவிடும். ஆனால் அதிலுள்ள 7ஆம் காரணி சுமார் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். மாத்திரையின் தாக்கமோ உடலில் நீடிக்கும். பிசிசி மட்டும் போட்டிருந்தால் மறுநாள் ஐஎன்ஆர் மீண்டும் ஏறியிருக்கக்கூடும். நரம்பு வழியாக மெதுவாக ஏற்றும் வைட்டமின் கே பல மணி நேரம் கழித்தே பலன் தரும் என்றாலும், கல்லீரல் தானே காரணிகளை உருவாக்கத் தொடங்குவது அதனால்தான். மெட்ரோனிடசோல் இந்த மாத்திரைகளின் வீரியத்தைக் கூட்டும் என்பதைப் பல் மருத்துவரிடமும் தெரிவித்துவிடுங்கள்.

கொங்குமகள்:
மிக்க நன்றி. அசிட்ரோமை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வால்வில் இரத்தம் கட்டியாக உறைந்துவிடாதா?

தீவிர சிகிச்சைப் பிரிவு:
அந்த அச்சம் நியாயமானதே. பிசிசிக்கும் உறைகட்டி உண்டாக்கும் அபாயம் உண்டு என்பதால்தான், சாதாரண மூக்குக் கசிவுக்கெல்லாம் அதைக் கொடுப்பதில்லை. மீண்டும் ஸ்கேன் எடுத்து, கசிவு பெருகவில்லை என்று உறுதியான பிறகு, பெரும்பாலும் ஓரிரு வாரங்களில், முதலில் இரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி, பின்னர் மாத்திரை என்று தொடங்குவது வழக்கம். நாளை நரம்பியல் அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்வார்கள். அபிக்சபான், டாபிகட்ரான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு மாற்றிவிடலாமே என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள். உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை ஏற்றவையல்ல.