நடைப்பிணங்களின் கதை உங்களுக்கு எந்த இரவில் முடிந்தது?

ஸ்ரீராமபுரத்திலிருந்து:

செத்தவர்கள் எழுந்து நடக்கும் உலகத்தில் தப்பிப் பிழைத்தவர்களின் கதையைச் சொல்லும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'தி வாக்கிங் டெட்' 2010 அக்டோபர் 31 அன்று தொடங்கி 2022 நவம்பர் 20 அன்று முடிந்தது. 11 சீசன்கள், 177 பகுதிகள். ஆறாவது சீசனோடு அதை முடித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்குக் காரணமான ஓர் இரவைப் பற்றிச் சொல்கிறேன்.

2016இல் பெங்களூரில், இங்கே ஸ்ரீராமபுரத்தில், ஒரு மொட்டைமாடி அறையில் நாங்கள் நான்கு பேர் குடியிருந்தோம். இரண்டு பேர் தருமபுரி, ஒருவன் விருதுநகர், நான் ஆம்பூர். அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒளிபரப்பாகும்போது நமக்குத் திங்கள் விடிந்திருக்கும். அன்றைக்கு வேலை முடிந்து வந்து, சோறு வடித்து வைத்துவிட்டு, ஒரே மடிக்கணினியின் முன்னால் நால்வரும் உட்காருவோம். விருதுநகர்க்காரனுக்குத் தொடரில் வரும் கிளென் என்றால் உயிர். கிளென் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைத்தவன், அட்லாண்டாவின் சந்துபொந்தெல்லாம் அறிந்தவன். எங்கள் நண்பனும் பெங்களூரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில்தான் இருந்தான். முதல் பகுதியின் கடைசியில், பிணங்கள் சூழ்ந்த பீரங்கி வண்டிக்குள் கதாநாயகன் ரிக் அகப்பட்டுக் கிடக்கும்போது வானொலியில் ஒரு குரல் வருமே, அது கிளெனின் குரல். அந்த இடத்தை அவன் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பான் என்று கணக்கே இல்லை.

அந்த ஆண்டு செப்டம்பர் 12, திங்கள்கிழமை. காவிரியில் விநாடிக்கு 12,000 கன அடி திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாள். பிற்பகலில் நகரத்தில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிந்துகொண்டிருந்தன. தருமபுரி நண்பன் ஒருவன் மாகடி சாலையில் மாட்டிக்கொண்டான். அவனுடைய பைக்கும் தமிழ்நாட்டுப் பதிவுதான். ஒரு மாவு மில்லின் உரிமையாளர், கன்னடக்காரர், வண்டியை உள்ளே இழுத்துப் போட்டுத் தார்ப்பாயால் மூடிவிட்டு, "நடந்து போ, பேசாமல் போ" என்று அனுப்பியிருக்கிறார். அங்கிருந்து விருதுநகர்க்காரன்தான் கைப்பேசியில் அவனுக்கு வழி சொன்னான். "பெரிய சாலைக்கு வராதே. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இடது பக்கச் சந்து. முனையில் கூட்டம் இருந்தால் நின்றுவிடு, நான் வேறு வழி சொல்கிறேன்." நடுவில் இருபது நிமிடம் தொடர்பு அறுந்துபோனது. அந்த இருபது நிமிடமும் நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரவு எட்டரைக்கு அவன் படியேறி வந்தான். கீழ்வீட்டு அம்மா கதவைத் திறந்து, "ஊட்ட ஆயிதா?" (சாப்பாடு ஆயிற்றா?) என்று கன்னடத்தில் கேட்டார். எல்லோருக்கும் சேர்த்து அவர் செய்து வைத்திருந்த சித்ரான்னத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பேச்சில்லாமல் படுத்தோம்.

ஏழாவது சீசன் அக்டோபர் 24 அன்று எங்களுக்குக் கிடைத்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போகப் பை கட்டிக்கொண்டிருந்த வாரம். ஆறாவது சீசனின் முடிவில் வில்லன் நீகன் யாரை அடித்துக் கொன்றான் என்பதை மறைத்து, ஏப்ரலிலிருந்து உலகத்தையே காக்க வைத்திருந்தார்கள். அதே ஆறாவது சீசனில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிளென் செத்துவிட்டதாகக் காட்டி, பிறகு பிழைத்தான் என்றார்கள். இப்போது உண்மையாகவே கொன்றார்கள். அவன் இறந்ததில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. தொடருக்கு மூலமான சித்திரக் கதையிலும் அவனுடைய முடிவு அதுதான். ஆனால் ஒருவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நேரத்தை விடுகதை போட்டு விற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த இருபது நிமிடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். விருதுநகர்க்காரன் மடிக்கணினியை மூடினான். அந்த அறையில் அதன் பிறகு அந்தத் தொடர் ஓடவில்லை. அந்தப் பகுதியை அமெரிக்காவில் 1 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். 2022இல் கடைசிப் பகுதியைப் பார்த்தவர்கள் 25 லட்சத்தைக்கூட எட்டவில்லை. எங்களைப் போலவே ஏராளமானோர் எழுந்து போயிருக்கிறார்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

தம்பி, எனக்கு அது 2018 பிப்ரவரியில் முடிந்தது, ரிக்கின் மகன் கார்ல் இறந்தபோது. 2010இல் கார்லாக நடித்த பையனுக்கும் என் மகனுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டு பேரும் எங்கள் வரவேற்பறையில் சேர்ந்து வளர்ந்தவர்கள். மகனின் பிளஸ் டூ தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தபோது அந்தப் பகுதி வந்தது. அவன் படிக்காமல் இரண்டு நாள் சும்மாவே உட்கார்ந்திருந்தான். அழிந்த உலகத்தில் ஒரு தகப்பன் பிள்ளையை எப்படி மனிதனாக வளர்ப்பது என்பதுதானே கதை? பிள்ளையை எடுத்துவிட்ட பிறகு எதற்காக அந்த உலகத்தைத் திருத்த வேண்டும்?

சித்திரக் கதையை எழுதிய ராபர்ட் கிர்க்மன் இதை அறிந்தவர். 2019 ஜூலையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், 193ஆவது இதழோடு முடித்துக்கொண்டார். அதில் கார்ல் வளர்ந்து, மணமாகி, தன் மகளுக்குக் கதை படித்துக் காட்டுகிறான். என் மகன் அந்த இதழை வாங்கி வந்து என் கையில் கொடுத்தான். எனக்கு அதுதான் முடிவு.

ஜெயநகரிலிருந்து:

அண்ணா, அக்கா, நீங்கள் இருவரும் சொல்வது எனக்குப் புரிகிறது. இருந்தாலும் மறுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் நான் கடைசிவரை பார்த்தவள்.

நான் செவிலி. 2020, 2021 இரண்டு ஆண்டும் கொரோனா வார்டில் இருந்தேன். பாதுகாப்பு உடையைக் கழற்றிவிட்டு விடுதிக்கு வந்தால் தூக்கம் வராது. கைப்பேசியில் இந்தத் தொடரைப் பார்ப்பேன். தோழிகளுக்கு ஆச்சரியம், பகலெல்லாம் பார்த்தது போதாதா என்று. பிணங்களுக்காக நான் பார்க்கவில்லை. அவர்கள் விதை போடுவதையும், மருந்தைத் தேடி அலைவதையும், மதில் கட்டுவதையும் பார்த்தேன். ரிக் 2018லேயே போய்விட்டார், கார்லும் இல்லை, ஆனாலும் எஞ்சியவர்கள் காலையில் எழுந்து வேலை பார்த்தார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். எங்கள் வார்டிலும் சிலர் பாதியில் இல்லாமல் போனார்கள். அதற்காக மறுநாள் பணி நிற்கவில்லை.

2021 ஏப்ரல், மே மாதங்களில் எத்தனையோ பேர் வீட்டார் யாரும் அருகில் இல்லாமல் இறந்தார்கள். கடைசி நேரத்தில் கையுறை போட்ட என் கையைப் பிடித்தவர்களை நினைத்தால் இன்றும் கலங்கிவிடுகிறது. கடைசிப் பகுதியில், எஞ்சியவர்களில் ஒருத்தியான ரோசிட்டா பிணத்திடம் கடிபட்டுவிடுகிறாள். தான் சாகப்போவது அவளுக்குத் தெரியும். எல்லோருடனும் அமர்ந்து உணவு உண்டு, பிறகு கட்டிலில் படுக்கிறாள். பக்கத்தில் குழந்தை. நண்பன் யூஜீன் உடன் இருக்கிறான். அமைதியாகப் போய்விடுகிறாள். அவ்வளவு கொடூரமான சாவுகளைக் காட்டிய தொடர், பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒருத்திக்கு நல்ல சாவைக் கொடுத்தது. 2016இலோ 2018இலோ முடித்திருந்தால் எனக்கு அந்தக் காட்சி கிடைத்திருக்காது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். வார்டில் அழ முடியாமல் போனதையெல்லாம் சேர்த்து அழுதேன்.

ஸ்ரீராமபுரத்திலிருந்து:

தங்கச்சி, ஆறாவது சீசன் பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் ரோசிட்டாவுக்கு இப்படி ஒரு முடிவு உண்டு என்று நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். விருதுநகர்க்காரன் இப்போது ஓசூரில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போகிறேன். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் இருவரும் சேர்ந்து பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம்.