இழுக்கும்போது நகர்வது பீக்கா, பட்டையா?

காரைக்குடியிலிருந்து:

எக்ஸ்ஆர்டி (எக்ஸ்கதிர் சிதறும் கோணத்தை வைத்து அணு அடுக்குகளின் இடைவெளியை அளக்கும் கருவி) மேடையில் சின்ன இழுவைக் கருவியை வைத்து அலுமினியப் பட்டையை இழுப்பவர்கள் முதலில் ஏமாறுவது 38.5 டிகிரி பீக்கிடம்தான் (அந்தக் கோணத்தில் கதிர் பலமாகத் திரும்புவதைக் காட்டும் கூம்பு). நெட்டையாக வருகிறதே என்று அதையே பிடித்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் பட்டைக்கு 600 நியூட்டன் கொடுத்தால் 100 மெகாபாஸ்கல். நீளவாக்கில் 0.14 சதவீதம் நீளும். ஆனால் வழக்கமான ஸ்கேனில் கதிர் பார்ப்பது தடிமனின் சுருக்கத்தை, அது 0.047 சதவீதம். செப்பு டியூப்பில் (கதிரைத் தரும் குழாய்) பீக் 0.02 டிகிரிகூட நகராது. கிரிப் இறுகும்போது பட்டை 0.1 மி.மீ. ஏறி இறங்கினாலோ, 150 மி.மீ. ஆரமுள்ள கருவியில் 0.07 டிகிரி தள்ளிவிடும்!

137.5 டிகிரியிலுள்ள 422 பீக்குக்குப் போங்கள் (422 என்பது அந்த அணு அடுக்கின் குறியெண்). அதே இழுவைக்கு 0.14 டிகிரி நகரும், உயரப் பிழை 0.03-க்குள் அடங்கும். பீக் குட்டைதான், படிக்குப் பத்து விநாடி நின்று எடுக்கவேண்டும். தடிமன் சுருங்குவதால் பீக் வலப்பக்கம் போகவேண்டும். இடப்பக்கம் போனால் பட்டை கீழே இறங்கியிருக்கிறது, அல்லது சூடேறியிருக்கிறது.

தேவகோட்டையிலிருந்து:

உயரப் பிழையைப் பிடிக்க, பீக் வரும் இடம் முன்பே தெரிந்த சிலிக்கான் பொடியை வாசலின் தொட்டு மெல்லியதாகத் தடவுவது நல்ல வழிதான் அண்ணே. ஆனால் 422-க்கு அது உதவாது. சிலிக்கானின் 533 பீக் 136.9-ல் நிற்கும், அதன் கே ஆல்பா இரண்டு (டியூப் தரும் சற்றே நீண்ட அலையால் வரும் துணைப் பீக்) ஏறக்குறைய அலுமினியப் பீக்கின் மேலேயே உட்கார்ந்துவிடும். பொடி தடவினால் 116.6-ல் வரும் 420-ஐ எடுங்கள். பக்கத்தில் 114.1-ல் சிலிக்கான் பீக் தனியாகத் தெரியும்.

காரைக்குடியிலிருந்து:

அதுவும் சரி. சூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் கரண்ட் போய் ஏசி நின்றால் அறை 5 டிகிரி ஏறுவது பெரிய விஷயமில்லை. அலுமினியம் அதற்கு 0.0115 சதவீதம் விரியும்; இழுவைக் கணக்கில் 24 மெகாபாஸ்கல் காணாமல் போன மாதிரி. பட்டையிலேயே ஒரு தெர்மோகப்பிள் ஒட்டிவிடுங்கள். ஈல்டு (விட்டாலும் பழைய நீளத்துக்குத் திரும்பாத நிலை) தாண்டியபின் இன்னொரு தொல்லை: திருகை நிறுத்திப் பிடித்தாலும் லோடு மெல்ல இறங்கும். பத்து நிமிடம் விட்டு, அந்த ஒரு பீக்கைச் சுற்றி 4 டிகிரி மட்டும் ஸ்கேன் செய்து, தொடக்க லோடு, முடிவு லோடு இரண்டையும் எழுதவேண்டும். இந்தக் கட்டத்தில் பீக் நகர்வது மந்தமாகி அகலமாகும். டிஸ்லொகேஷன் (அணு அடுக்கில் ஏற்படும் குலைவு) பெருகுவதைச் சொல்வது அந்த அகலம்தான். நிரந்தரமாக நீண்ட நீளத்தைப் பீக் நகர்வில் தேடாதீர்கள், அங்கே அது இருக்காது.

தேவகோட்டையிலிருந்து:

எவர்சில்வர் இழுப்பவர்களுக்கு: செப்பு டியூப் வேண்டாம். இரும்பு தானே ஒளிர்ந்து பின்னணியைத் தூக்கிவிடும். கோபால்ட் டியூப்பில் 51 டிகிரியருகே ஆஸ்டினைட், 52-ஐத் தாண்டி மார்ட்டென்சைட். இரண்டும் எஃகில் அணுக்கள் அடுங்கும் விதங்கள்; பின்னதுதான் காந்தத்தில் ஒட்டும். இழுக்க இழுக்க இரண்டாவது வளரும். சீர்சாமான் அடுக்கில் 304 குடம் இருந்தால், அடித்து வளைத்த கழுத்தில் காந்தம் லேசாக இழுபடுவதும் இதனால்தான். வெயில் நேரத்தில் 40 டிகிரியில் இழுத்த பட்டையில் மார்ட்டென்சைட் குறைவாகவே வரும், 20 டிகிரிப் பட்டையோடு அதை ஒப்பிடாதீர்கள்.