1,200 ரூபா சட்டம்: வன்னியில் எங்கள் எம்பிமாருக்குச் சம்பளம் ஒரு விஷயமா?

பாரதிபுரத்தான்:
2026 தை மாதத்தில் இருந்து தனியார் துறையில் ஆகக்குறைந்த சம்பளம் மாதம் 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. 2016 இல் சட்டம் வந்தபோது அது 10,000 உம் 400 உம். 2021 இல் 12,500, 2024 இல் 17,500, 2025 சித்திரையில் 27,000, 2026 இல் 30,000. நல்லது. ஆனால் கிளிநொச்சி டவுனில் ஒரு புடவைக்கடையில் நிற்கிற என் மச்சாளின் கையில் இன்னும் 20,000தான் விழுகிறது. காலை எட்டரைக்குப் போனால் இரவு ஏழரைக்குத்தான் வீடு. இப்படி ஒரு சட்டம் இருப்பதே நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு எம்பிமார். 2024 இல் இப்போது ஆளும் தேசிய மக்கள் சக்திக்கு 2, தமிழரசு, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி, ஐக்கிய மக்கள் சக்தி, தொழிலாளர் கட்சி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. (கிளிநொச்சிக்காரர் நாங்கள் யாழ்ப்பாணத்தோடு சேர்ந்து வாக்குப் போடுகிறவர்கள். அவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.) இவர்களில் ஒருவராவது உங்கள் ஊர்க் கூட்டத்தில் வந்து, "பிள்ளை, உனக்கு மாதம் என்ன தருகிறார்கள், ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறார்களா?" என்று கேட்டதுண்டா? கண்டவர்கள் சொல்லுங்கள்.

நெல்மணி:
தம்பி, சட்டத்தைக் கொழும்பில் எழுதுவார்கள், காசை நாங்கள் எண்ணிக் கொடுக்க வேண்டும். வவுனியாப் பக்கம் எனக்கு ஒரு சின்ன அரிசி ஆலை. எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். கரண்ட் பில், வங்கிக் கடன், நெல் விலை எல்லாம் போக மிஞ்சுவதில்தான் சம்பளம். அப்படியிருந்தும் நான் நாளுக்கு 2,500 கொடுக்கிறேன். உங்கள் 1,200 எனக்கு ஒரு கணக்கே இல்லை.

கஷ்டம் வேறு இடத்தில். ஆள் இல்லை. பெடியன்கள் ஒன்றில் கட்டார், இல்லாவிட்டால் கொழும்பு, அதுவும் இல்லாவிட்டால் அரச வேலை வரும் என்று வீட்டில் இருப்பார்கள். அரச சேவையில் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 இல் இருந்து 40,000 ஆக்குகிறோம் என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த பிறகு எவன் வந்து என் ஆலையில் மூட்டை தூக்குவான்?

ஊசிநூல்:
அண்ணை, அந்த 2,500 ஆணுக்கா பெண்ணுக்கா?

சிவப்புத்தொப்பி:
பாரதிபுரத்தான், கேள்வி சரி, ஆனால் எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள். 17,500 இல் கிடந்ததை ஒன்பது மாதத்துக்குள் 30,000 ஆக்கியது எந்த அரசாங்கம்? தோட்டத் தொழிலாளருக்கு அப்போதைய ஜனாதிபதி ரணில் 2024 மே தினத்தில் கொட்டகலையில் நின்று நாளுக்கு 1,700 என்று அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் 1,350 இல் வந்து நின்றது. 2025 கார்த்திகை வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர 1,550 ஆக்கி, மேலே 200 ரூபா வரவு ஊக்கத்தொகையை அரசே போடுவதாகச் சொன்னார். மொத்தம் 1,750. வன்னியில் எங்களுக்கு விழுந்த இரண்டு ஆசனமும் சும்மா விழவில்லை.

வட்டுவாகல்காற்று:
தொப்பியார், உங்கள் ஆட்கள் தொழிற்சங்கத்தில் இருந்து வளர்ந்தவர்கள் என்பது உண்மைதான். ஆனால் 2025 புரட்டாதியில் மின்சார சபை ஊழியர்கள் சட்டப்படி வேலை செய்யும் போராட்டத்தில் இறங்கியவுடன் வேலைநிறுத்தத்தைத் தடுக்கிற அத்தியாவசிய சேவை வர்த்தமானி அடித்ததும் அதே கைதானே? எதிர்க்கட்சியில் இருந்தால் வேலைநிறுத்தம் உரிமை, ஆட்சியில் இருந்தால் சதி.

எங்கள் எம்பிமார் சம்பளத்தைப் பற்றிக் கதைப்பதில்லை என்கிறீர்கள். ஏன் என்று யோசியுங்கள். கேப்பாபுலவில் தென்னை வைத்திருந்தவன், வயல் வைத்திருந்தவன், நந்திக்கடலில் வலை போட்டவன் இன்று என்ன செய்கிறான்? காணியில் இராணுவம், அவன் கூலிக்குப் போகிறான். 2017 இல் அந்தச் சனம் முகாம் வாசலில் நாள்கணக்காக இருந்தது சம்பள உயர்வுக்கு இல்லை, காணிக்கு. காணி திரும்பினால் அவன் உங்கள் 1,200 க்கு ஏன் கையேந்த வேண்டும்? காணிப் பிரச்சினையைக் கதைக்கிறவன் கூலிப் பிரச்சினையையும் சேர்த்துத்தான் கதைக்கிறான்.

பாரதிபுரத்தான்:
வட்டுவாகல் அண்ணை, நீங்கள் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மற்றப் பாதியில் நாங்கள் இல்லை. எங்கள் காணியை யாரும் பறிக்கவில்லை. பறிக்க எங்களிடம் எப்போது காணி இருந்தது? 1977 கலவரத்தில் மலையகத்தில் இருந்து அடித்து விரட்டப்பட்டு வந்த சனம் நாங்கள். பாரதிபுரம், மலையாளபுரம் என்று குடியிருப்புகள் நிறைந்தன. அப்பம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்தவள், இங்கே வந்து மிளகாய் ஆய்ந்தாள். அம்மா வெங்காயம் நட்டாள். நான் மேசன். மூன்று தலைமுறையாகப் பிறத்தியாரின் வயலில்தான் நிற்கிறோம்.

தோட்டச் சம்பளம் என்றால் பாராளுமன்றத்தில் சத்தம் போடுவதற்கு மலையகக் கட்சிகள் இருக்கின்றன. வன்னியில் கூலிக்குப் போகும் மலையகத் தமிழனுக்கு யார்? அங்கே உள்ளவர்களுக்கு நாங்கள் வாக்காளர் இல்லை. இங்கே உள்ளவர்களுக்கு நாங்கள் வாக்காளர் மட்டும்தான்.

நெல்மணி:
கடைசி வசனம் நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் உங்களைப் போன்ற மேசனுக்கு இன்று என்னைவிட வருமானம் கூட. கூப்பிட்டால் வருகிறீர்களா?

ஊசிநூல்:
நெல்மணி அண்ணை, கேட்டதற்குப் பதில் வரவில்லை. சரி, அதுவரைக்கும் என் கதையைச் சொல்கிறேன்.

நான் கார்மென்ட்ஸில் ஐந்து வருடம். எங்கள் இடத்தில் 30,000 க்குக் குறைவில்லை, ஈபிஎப் ஒழுங்காகக் கட்டுகிறார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அந்தக் காசைச் சும்மா நினைக்காதீர்கள். 30,000 இல் என் பங்கு 8 வீதம், 2,400 வெட்டுவார்கள். முதலாளி 12 வீதம், 3,600 போட வேண்டும். ஈடிஎப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 900, அதுவும் அவர் தலையில். மாதம் 4,500 ரூபா நம்முடைய சம்பளத்துக்கு மேலே வருகிறது. பாரதிபுரத்தானின் மச்சாளுக்கு 10,000 மட்டும் குறையவில்லை, இதுவும் சேர்ந்து போகிறது.

எங்கள் இடத்தில் குறை வேறு. டார்கெட். மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்று பலகையில் எழுதியிருக்கும். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும் என்று குடிக்காமலே இருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சம்பளம் ஏறிய மாதம் டார்கெட்டும் ஏறியது. "சங்கம் வையுங்களேன்" என்பீர்கள். ஏழு பேர் சேர்ந்தால் பதியலாம்தான். ஆனால் முதலாளி பேச வந்தே ஆகவேண்டும் என்றால் 40 வீதம் பேர் சங்கத்தில் இருக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவளிடம் கேட்கவே பயமாக இருக்கிற இடத்தில் 40 வீதம்! எங்களுக்கு ஊழியர் சபை என்று ஒன்று உண்டு. அதில் கேட்டுக் கிடைத்தது புதிய மின்விசிறி.

இந்த 40 வீதத்தைக் குறைக்கச் சொல்லி எங்கள் எம்பி யாராவது வாய் திறந்தால் நான் வீட்டில் அவர் படம் மாட்டுகிறேன். எந்தக் கட்சியானாலும் சரி.

சிவப்புத்தொப்பி:
தங்கச்சி, அது 1999 திருத்தம். இப்போதைய அரசு போட்டதில்லை.

ஊசிநூல்:
எடுத்ததும் இல்லையே அண்ணா.

வட்டுவாகல்காற்று:
:) இதற்கு மேல் நான் என்ன எழுத.

ஆனால் ஆனையிறவை மறந்துவிட்டோம். 2025 பங்குனியில் உப்புத் தொழிற்சாலையைத் திறந்தார்கள். எங்கள் உப்புக்கு "ரஜ லுணு" என்று சிங்களப் பெயர். சண்டை பிடித்த பிறகுதான் ஆனையிறவு உப்பு ஆனது.

பாரதிபுரத்தான்:
பெயருக்குச் சண்டை பிடித்தது சரி. இரண்டு மாதம் கழித்து அதே உப்பளத் தொழிலாளர் போராட்டத்தில் இறங்கினார்களே, அதற்கு எத்தனை பேர் முகநூலில் எழுதினார்கள்? பெயர்ப்பலகைக்கு நூறு பதிவு, வெயிலில் உப்பு வாருகிறவனுக்கு ஒன்றோ இரண்டோ. நான் ஆரம்பத்தில் இருந்து சொல்ல வந்தது இதைத்தான்.

வட்டுவாகல்காற்று:
பெயரை விட்டுக்கொடுத்தால் அப்புறம் தொழிற்சாலையும் போகும். இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம். தமிழரசுக் கட்சிக்கே ஒரு காலத்தில் இலங்கைத் தொழிலாளர் கழகம் என்று சொந்தத் தொழிற்சங்கம் இருந்தது. அது தேய்ந்து போனது எங்கள் பக்கத்துத் தவறு. அதை ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

முன்பள்ளி ரீச்சர்:
இவ்வளவு நாளும் வாசித்துவிட்டுப் போவேன். இன்று எழுதுகிறேன்.

நான் முன்பள்ளியில் படிப்பிப்பது பாதுகாப்பு அமைச்சின் கீழ் உருவான சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளத்தில். இந்தப் பெயரைக் கேட்டவுடன் பலருக்கு முகம் மாறும். எங்களைப் போல வேலை செய்யும் மற்ற முன்பள்ளி ஆசிரியைகளுக்கு மாகாணம் கொடுத்தது சில ஆயிரம் ரூபா உதவித்தொகை. எங்களுக்கு அதைவிடப் பல மடங்கு, அதோடு ஈபிஎப், லீவு. பண்ணைகளில் வேலை செய்யும் முன்னாள் போராளிகளுக்கும் இதே திணைக்களம்தான். மற்ற முதலாளிமார் "புலனாய்வு வந்து விசாரிக்கும், வேண்டாம் தம்பி" என்று திருப்பி அனுப்பிய ஆட்கள் அவர்கள்.

2018 இல் விசுவமடுவில் இந்தத் திணைக்களத்துக்குப் பொறுப்பாக இருந்த ஒரு கேணல் இடம் மாறிப் போனபோது சனம் அழுத வீடியோவைப் பார்த்து எங்களைத் துரோகி என்று எழுதாதவர் இல்லை. பிள்ளைகளை இராணுவத்திடம் இருந்து விடுவியுங்கள் என்று அரசியல்வாதிகள் அறிக்கை விட்டார்கள். சரி, விடுவியுங்கள். விடுவித்த மறுமாதம் என் சம்பளத்தை யார் தருவது? அதற்கு மட்டும் அறிக்கையில் வரி இல்லை.

வட்டுவாகல்காற்று:
ரீச்சர், உங்களைத் துரோகி என்றவர்கள் மடையர்கள். ஆனால் நாலு வயதுப் பிள்ளையின் ரீச்சருக்குப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் உருவான திணைக்களம் ஏன் சம்பளம் கொடுக்க வேண்டும்? கொழும்பில் கொடுக்கிறார்களா? காலியில்? அந்தக் காசைக் கல்வித் திணைக்களத்துக்கு மாற்றினால் எல்லா ரீச்சருக்கும் கொடுக்கலாம். சம்பளத்தைக் காட்டி ஊரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

முன்பள்ளி ரீச்சர்:
நீங்கள் சொல்வது எனக்கு விளங்காமல் இல்லை தம்பி. மாற்றுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். முதலில் அங்கே கதிரையைப் போட்டுவிட்டு, பிறகு இங்கே கதிரையை இழுங்கள். மாகாண சபை 2018 ஐப்பசியில் கலைந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. எந்தக் கதவைத் தட்டுவது?

சிவப்புத்தொப்பி:
மாகாண சபைத் தேர்தல் நடக்கும் ரீச்சர்.

நெல்மணி:
இதை எத்தனை அரசாங்கம் சொல்லியாயிற்று.

ஊசிநூல்:
நெல்மணி அண்ணை வந்துவிட்டார். மூன்றாவது தரம் கேட்கிறேன்.

நெல்மணி:
சொல்கிறேன் பிள்ளை. ஆணுக்கு 2,500. பெண்ணுக்கு 1,600. மூட்டை தூக்குவது ஆண். வன்னி முழுக்க வயலிலும் இப்படித்தான், நான் கண்டுபிடித்ததில்லை.

ஊசிநூல்:
மூட்டை ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் தூக்குவார்கள்? புழுங்கல் நெல்லை அவித்து, பரப்பி, வெயிலில் காலால் கிளறி, மழை இருண்டால் ஓடிப்போய் அள்ளுவது யார்?

பாரதிபுரத்தான்:
இதில்தான் சட்டத்தின் ஓட்டை. 1,600 என்பது 1,200 க்கு மேல். லேபர் கந்தோரில் இருந்து ஐயா வந்தாலும் இந்தச் சட்டத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1993 இலேயே ஏற்றுக்கொண்டது. அது தாளில் கிடக்கிறது.

இன்னொன்று. 1,200 ஐ 25 நாளால் பெருக்கினால்தான் 30,000. என் அம்மாவுக்குக் காலபோக அறுவடையில் முன்பு மாதம் முழுக்க வேலை. இப்போது வெட்டு மெசின் ஒரு பகலில் வயலை முடித்துவிட்டுப் போகிறது. மாதத்தில் பத்து நாள் வேலை வந்தால் அதிர்ஷ்டம். 1,600 ஐப் பத்தால் பெருக்கிப் பாருங்கள், 16,000. கூலி கூடியிருக்கிறது, நாள் குறைந்திருக்கிறது. மீதி இருபது நாளைப் பற்றி ஆளும் கட்சியும் பேசவில்லை, தமிழ்க் கட்சியும் பேசவில்லை. அந்த இருபது நாளில்தான் கிழமைக் கட்டுக்காசுக் கடன்காரன் படலையில் நிற்கிறான்.

சிவப்புத்தொப்பி:
பரந்தனிலும் மாங்குளத்திலும் கைத்தொழில் வலயம் வந்தால்...

ஊசிநூல்:
வந்தால் டார்கெட் பலகையும் வரும் அண்ணா. வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. நெல்மணி அண்ணை, கடைசிக் கேள்வி, இனிக் கேட்கமாட்டேன். எட்டுப் பேரில் எத்தனை பேருக்கு ஈபிஎப் கட்டுகிறீர்கள்?

நெல்மணி:
மூன்று பேருக்கு. மிச்சம் ஐந்து பேரும் வெட்ட வேண்டாம், காசைக் கையில் தாருங்கள் என்று தாங்களே சொன்னவர்கள்.

பாரதிபுரத்தான்:
நாள் கூலி என்றாலும் முதல் நாளில் இருந்து கட்ட வேண்டும் அண்ணை. வேண்டாம் என்று தொழிலாளியே சொன்னாலும் சட்டம் விடாது.

ஊசிநூல்:
அந்த ஐந்து பேரும் பெண்களா?

நெல்மணி:
நாளைக்கு வெயில் எறிக்கும் போலிருக்கிறது, விடியவே நெல் காயப்போட வேண்டும். பிறகு எழுதுகிறேன்.